சிவப்பின் மேல் அடித்த வெள்ளை

ஆரோக்கியசாமிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, சோறு போட்டது புனே பக்கத்துச் சாகண். பைக் கம்பெனியில் ஸ்ப்ரே பெயிண்டர். டேங்கும் மட்கார்டுமாக அடித்துத் தள்ளிய அந்த மனுஷன், 2007 மழைக்காலத்தில் ஒரு ஃபைபர்கிளாஸ் பொம்மை விமானத்திடம் தோற்றுப்போனார். தோற்றாரா, தோற்கட்டும் என்று விட்டாரா, அதை நீங்களே சொல்லுங்கள்.

விமானத்தைச் செய்தவன் ஹரீஷ். கோயம்புத்தூர்க்காரன், புனேயில் இவர் குடியிருந்த கோந்த்வாவில் கீழ் வீட்டுக்காரன், ஹடப்சரில் கம்ப்யூட்டர் வேலை. அச்சு எடுத்து, ஃபைபர் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தான். பெயிண்டை மட்டும் என்னிடம் விடு என்று இவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். கேட்டானா? ஹார்டுவேர் கடைச் சிவப்பை வாங்கி பிரஷ்ஷால் பூசிவிட்டான்.

“என்னல இது, செவரு பூசுத மாதிரி பூசியிருக்க? ரெக்கைல வடிஞ்சு நிக்கி பாரு!”

“இருக்கட்டுமுங்கண்ணா. செகப்பா இருந்தாத்தான் வானத்துல எங்க போனாலும் கண்ணுக்குத் தெரியும்.”

அதைப் பறக்கவிட மைதானத்துக்குப் போகும் வழியில்தான் லாரி அடித்தது. ஹரீஷ் அந்த இடத்திலேயே போய்விட்டான். பைக்கின் பின்னால் கட்டியிருந்த பெட்டி புல்லில் போய் விழுந்தது. விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை.

அவன் மனைவி லலிதாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. “அவரு போயிட்டாரு, இது மட்டும் முழுசா உக்காந்திருக்குதுங்கண்ணா. அந்தச் செகப்பைப் பார்த்தாலே அந்த ரோடுதான் ஞாபகம் வருது. வெள்ளை அடிச்சுக் குடுத்தீங்கன்னா ஹால்ல மாட்டிக்கறேன். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை பழைய சாமான் எடுக்கற பங்கார்காரன் வருவான், தூக்கிப் போட்டுடறேன்.”

பங்கார்காரன் தராசில் ஹரீஷின் விமானமா! நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மொட்டைமாடி அறைக்குத் தூக்கி வந்தார்.

சிவப்புக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. மேலே அடிக்கும் வெள்ளையில் ஊறி, மெல்ல வெளியே வந்துவிடும். அடியோடு தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ப்ரைமர் போட வேண்டும். இது ஆரோக்கியசாமிக்குத் தெரியாதா? உப்புத்தாளை எடுத்தார். இறக்கையில் வழிந்து உறைந்த அந்தத் துளியில் விரல் பட்டது. அதற்குமேல் கை ஓடவில்லை. பேருக்கு நாலு இழுப்பு இழுத்துவிட்டு, சாம்பல் நிற ப்ரைமரை அடித்து, அது காய்ந்ததும் வெள்ளையை ஏற்றினார். சாயங்காலம் விமானம் பால் மாதிரி இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால், வெற்றிலை போட்ட உதடு மாதிரி இளஞ்சிவப்பு.

மறுபடி வெள்ளை. மறுநாள் காலை மறுபடி சிவப்பு. அந்தத் துளி இருந்த இடத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். காரணம் தெரிந்திருந்தும் மாடிப்படி ஏறும்போது உள்ளே யாரோ தனக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. ‘வந்துட்டியால?’ என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“சுரண்டிட்டு அடிங்களேன், எதுக்கு இந்தப் பாடு?” என்றாள் மனைவி சாந்தகுமாரி.

“வாய மூடு!” என்று கத்தினார். அவளிடம் அவர் அப்படிக் கத்தியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லலிதா மாடிக்கு வந்தாள். கீழே தெருவில் பங்கார்காரனின் குரல் கேட்டது. ஆரோக்கியசாமி தலை நிமிரவில்லை.

“ஒழுங்கா தேய்க்கலம்மா. கை வரல. அவன் பூசுனதுல்லா…”

அவள் குனிந்து, இறக்கையில் அந்தத் துளியைத் தடவினாள். பிறகு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது.

“உசுரோட இருக்கறப்பவே யாரு பேச்சும் கேட்டதில்லீங்கண்ணா. இப்பக் கேட்டுருவாராக்கும்?”

பங்கார்காரனின் குரல் தெருவைத் தாண்டிப் போயிற்று. அவள் விமானத்தை வாரி எடுத்து, பச்சைப்பிள்ளையைப் போலத் தோளில் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.

அது இன்னும் அவள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருஷத்துக்கு வருஷம் சிவப்பு ஏறுகிறது என்கிறாள் லலிதா. அதற்கு வாய்ப்பே இல்லை, ஊறுவதெல்லாம் என்றோ ஊறி முடிந்திருக்கும் என்கிறார் ஆரோக்கியசாமி. ஆனாலும் அங்கே போனால், அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்.