தொலைக்காட்சியை முந்திய கைப்பேசி

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் மகளும் நானும் பெண்கள் டென்னிஸ் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பிடித்த வீராங்கனை தோற்பார் என்று கைப்பேசிச் செயலியில் அவளுக்குத் தெரியாமல் பந்தயம் கட்டியிருந்தேன். வெல்லும் வாய்ப்புக்கேற்ப அதில் பந்தயத்தின் விலை ஏறி இறங்கும். இருப்புக்கொள்ளாமல் அதையே பார்த்திருந்தேன்.

திடீரென நான் கட்டிய பந்தயத்தின் விலை மேலே பாய்ந்தது. "அப்பாடா, தப்பினன்" என்றேன்.

தொலைக்காட்சி சில நொடிகள் பிந்தித்தான் காட்டும். அதில் மகளுக்குப் பிடித்த அந்த வீராங்கனை அப்போதுதான் முழங்காலைப் பிடித்தபடி விழுந்தார்.

மகள் திரும்பினாள். "அப்பா, அவ விழ முதலே ஏன் தப்பினன் எண்டு சொன்னனீங்கள்?"

செயலியை அன்றே அழித்தேன். இப்போதெல்லாம் கைப்பேசியை வாசலில் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டே ஆட்டம் பார்க்க உட்காருகிறேன். ஆனாலும் யாராவது விழுந்தால், மகள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான்.