கூரை இடித்த வண்டி

நான் அப்பவே சொன்னேன். சேவுகன் போய்விட்டார் என்று, எங்கள் வண்டியில் கூட வரும் நர்ஸ் முத்துலெட்சுமி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சொன்னபோது, என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை அதுதான். நம் ஊர்ச் சங்கத்து ஆம்புலன்ஸ் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தேன். இன்ஜின் சூடு இன்னும் ஆறவில்லை. "இந்தச் சின்ன வண்டி ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஊர்க்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் படத்திறப்பு மலரை வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சேவுகன் என் தங்கச்சி மாப்பிள்ளை. அரசாங்கத்துப் பெரிய ஆம்புலன்ஸ் ஓட்டியே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு சங்கத்து வண்டிக்கும் அவர்தான் டிரைவர். நானும் லேசுப்பட்டவன் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றாலும், மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் நான் ஓட்டாத வண்டி கிடையாது. காரைக்குடிப் பட்டறைகளில் என்னைக் கேட்டுத்தான் போல்ட்டையே முடுக்குவார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். புது வண்டி என்றால் நான் ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். அவர் பின்கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். "டிரைவர் சீட்டுல உக்காந்தா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் மச்சான். பின்னாடி வந்து உக்காந்து பாத்துட்டுப் பேசுங்க" என்பார்.

சங்கம் ஆம்புலன்ஸ் வாங்க முடிவு செய்தபோது எங்கள் இரண்டு பேரையும்தான் பட்டறைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்த சின்ன சரக்கு வேன் அது. நாலு பக்கமும் தகரம் அடைத்தது. சிவப்பு விளக்கும் ஸ்ட்ரெச்சரும் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆள் படுக்க இடம் போதுமா என்பதுதான் சங்கத்தின் ஒரே கேள்வி. சேவுகன் படுத்தார். காலை நீட்டிப் பார்த்து, "தாராளமா இருக்கு" என்றார். நான் பக்கத்தில் ஏறி மண்டி போட்டு நிமிர்ந்தேன். டங்கென்று தலை கூரையில் இடித்தது. "படுக்கிறவனுக்கு இடம் இருக்கு. காப்பாத்துறவனுக்கு எங்குட்டு இருக்கு?" என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். "மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லாதவுகளுக்கு இடிச்சா என்ன அண்ணாச்சி?" என்றார். சேவுகனே படுத்துப் பார்த்துச் சரி என்றார் என்று சங்கத்தில் வந்து சொன்னேன். அன்று அவருக்கு வெளியூர் வேலை, கூட்டத்துக்கு வரவில்லை. அவர் பேரைக் கேட்டதும் வாங்கிவிட்டார்கள், வண்டிக்கு மாலை விழுந்தது.

வண்டியைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. அந்த அடைமழையில் கண்மாய்க் கரைப் பாதையில் பெரிய வண்டி சேற்றில் சிக்கி நின்றதே, அப்போது நிறைமாதப் பெண்ணை இந்தக் குட்டி வண்டிதான் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. கரையே உடைந்து தண்ணீர் சக்கரத்துக்கு மேல் ஓடியது என்று நான் சொல்லி வருவதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். வண்டி போனது உண்மை. "இப்ப என்ன சொல்றீக மாப்ள?" என்றேன். "கொண்டுபோய்ச் சேக்குறதுக்கு நல்ல வண்டிதான். போற வழியில உசுரப் பிடிச்சு வைக்கணும்னா ஆகாது. அது வேற வேலை மச்சான்" என்றார். மறுநாளே பழைய தலையணையைக் கிழித்து, பஞ்சை ஒரு துணியில் வைத்துத் தைத்து, முத்துலெட்சுமி தலை இடிக்கும் இடத்தில் கூரையில் ஒட்டினார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். தங்கச்சி போன் செய்தாள். நான் போனபோது அவர் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. பெரிய ஆம்புலன்ஸ் தூரத்தில் இருந்தது. நம் வண்டி வாசலில் நின்றது. நான் ஓட்டினேன், முத்துலெட்சுமி பின்னால். கண்மாய்க் கரை தாண்டும்வரை பேசிக்கொண்டுதான் வந்தார். கோட்டையூர் ரோட்டில் ஏறியதும் பேச்சு நின்றது. பிறகு பின்னால் தொப், தொப் என்று ஒரு சத்தம். அவள் தலை கூரையில் மோதுகிற சத்தம். கண்ணாடியில் அவள் வளைந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணே, நெஞ்ச அமுக்கணும். நிமிர முடியல, கை மடங்குது. நிப்பாட்டுங்க! கீழ இறக்குங்க!"

ஆம்புலன்ஸில் இருந்து ஆளை இறக்கி ரோட்டில் வைத்தோம். டவுன் பஸ் நின்றது. தார் சூட்டில் மண்டி போட்டு அவள் அமுக்கினாள். மறுபடி ஏற்றினோம், போய்ச் சேர்ந்தோம். "பெரிய வண்டியா இருந்தாலும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன். அதுவும் எப்போது கைநழுவுமோ என்று பயமாக இருக்கிறது.

இப்போது அதைவிடப் பெரிய பயம். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது, இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்க. "சேவுகனே படுத்துப் பாத்துச் சரின்னு சொன்ன வண்டி. அவர் பேரையே கதவுல எழுதிருவோம்" என்று தலைவர் சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். சைரன் சத்தம் கேட்டாலே, உள்ளே யார் என்று வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன். தங்கச்சி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கூரையில் இருந்த பஞ்சுத் துணியைப் பிய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பேன். வைக்கும்போது வாய் வராமல் போய்விடுமோ என்றுதான் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பட்டறையில் படுத்தது நான். "தாராளமா இருக்கு" என்றதும் நான். பக்கத்தில் மண்டி போட்டுத் தலை இடித்துக்கொண்டவர் சேவுகன். அந்தக் கேள்வியும் அவருடையது. அவர் பேரைச் சொன்னால் சங்கம் மறுபேச்சுப் பேசாது என்று மாற்றிச் சொன்னேன். விஷயம் தெரிந்த அன்றும் அவர் என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டார்:

"படுத்தது நீங்க. என்னைய ஏன் மச்சான் படுக்க வச்சீக?"