பகல் ஷிப்டு மட்டும் கேட்டவர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி வீட்டுக்கு வந்து, படத்துக்கு வணக்கம் செலுத்தி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மாரடைப்பால் இறந்தார். மதியச் சாப்பாடு முடித்து, வேலைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு "தூக்கா, மருந்தா?" என்று காதோடு காதாகக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். இன்று அச்சில் சொல்கிறேன்.

அண்ணன் கருமத்தம்பட்டியில் பிறந்தார். அப்பா சொந்தமாக விசைத்தறி ஓட்டியவர். அப்பா தவறியபோது அண்ணன் பாலிடெக்னிக் கடைசி வருடம், நான் பள்ளிக்கூடம். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அண்ணன்தான். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தார். தயாராகி வரும் பம்புகளை ஓட விட்டு, சரியாக இறைக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை.

வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நோய் வந்தது. இருமுனைக் கோளாறு. டாக்டர் பைபோலார் என்றார். சில வாரங்கள் தூக்கமே வேண்டாம், ஊரையே விலைக்கு வாங்கிவிடலாம் போலத் தெம்பு பொங்கும். பிறகு சில மாதங்கள் எழுந்து பல் துலக்குவதற்கே தெம்பு இருக்காது. மாத்திரையில் கட்டுப்படும், ஆனால் இரவுத் தூக்கம் மட்டும் கெடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பெண் பார்க்கப் போன வீட்டில் அண்ணனே தன் நோயைச் சொன்னார். அந்தச் சம்பந்தம் நின்றது. அதற்குப்பின் கல்யாணப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

கம்பெனியிலும் அப்படித்தான். மேனேஜர் அறைக்குத் தானே போய், விஷயத்தைச் சொல்லி, பகல் ஷிப்டு மட்டும் கேட்டார். அந்த மேனேஜர் நல்ல மனிதர். கொடுத்தார், வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை.

கூட வேலை பார்த்த ரஃபீக் பாயிடம் மட்டும் அண்ணன் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தன் பேச்சில் வேகம் கூடினால் பாய் "ஏனுங்க, கேண்டீன் போலாமுங்களா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் அண்ணன் பாதி வாக்கியத்திலேயே எழுந்துவிடுவார். அன்று சாயங்காலம் டாக்டரைப் பார்ப்பார். என் மகள் பிறந்த அன்று அண்ணன் எல்லாரிடமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பாய் பயந்து கேண்டீனுக்குக் கூப்பிட்டுவிட்டாராம்.

"பாய், நான் மாமன் ஆயிட்டேனுங்க. இதுக்குக்கூடச் சிரிக்கக் கூடாதுங்களா?"

"சிரிங்க, யாரு வேண்டாங்கறா? காப்பிக்கு மட்டும் காசு நீங்க குடுங்க."

மாத்திரையால் அண்ணனுக்குக் கை நடுங்கும். டீ டம்ளரைப் பாதிதான் ஊற்றச் சொல்வார். அதைப் பார்த்துவிட்டு அவரைக் குடிகாரர் என்று சொன்னவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. அண்ணன் குடித்ததில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் மேனேஜர் மாறினார். எல்லாருக்கும் சுழற்சி முறையில் நைட் ஷிப்டு என்று பேச்சு வந்தது. புதியவரிடமும் நேரில் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணன் தயாரானார். அம்மாதான் தடுத்தார்.

"நீ எதுக்குக் கண்ணு வாயைத் தொறக்கறே? மாமன் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமல்லோ."

நம் வீடுகளில் இதுதானே வழக்கம். ஆஸ்பத்திரியில் அறை வேண்டுமா, காலேஜில் சீட்டு வேண்டுமா, தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அந்தக் கம்பெனிக்குப் பம்பு செய்ய இரும்பு வார்ப்பு சப்ளை செய்கிறவர். அக்கா கேட்டதற்காக மாமா போய்ச் சொன்னார். என்ன சொன்னார் என்பதை, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க அதே அறையில் நின்றிருந்த ரஃபீக் பாய் கேட்டார்.

"எங்க அக்கா பையன்தானுங்க. மண்டை கொஞ்சம் செரியில்லீங்க, பாத்து வெச்சுக்கங்க. எனக்காகன்னு நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். அவனுக்கும் என்ற சப்ளைக்கும் சம்பந்தமில்லீங்க."

அடுத்த வாரமே அண்ணனுக்கு நைட் ஷிப்டு போட்டார்கள். அண்ணன் போய்க் கேட்டதற்கு, முடியாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அந்த மேனேஜர் சொன்னார். அண்ணன் எழுதிக் கொடுக்கவில்லை. நைட் ஷிப்டுக்கே போனார். பகலில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கிப் பார்த்தார். சுற்றிலும் தறி ஓடுகிற ஊரில் பகலில் யாருக்குத் தூக்கம் வரும்? பாய் பகல் ஷிப்டில் இருந்தார். கேண்டீனுக்குக் கூப்பிட அண்ணன் பக்கத்தில் ஆள் இல்லை.

ஒரு காலை பகல் ஷிப்டு ஆட்கள் உள்ளே வந்தபோது, அண்ணன் பேக்கிங் பெட்டியின்மேல் ஏறி நின்று, மின்சாரமே இல்லாமல் ஓடும் பம்பைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது. மேனேஜர் செல்போனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். பாய்தான் கையைப் பிடித்து இறக்கி, வண்டியில் உட்கார வைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில், ஊசி மயக்கம் தெளியாத நேரத்தில், கம்பெனி ஆள் வந்து அண்ணனிடம் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் போனார்.

அந்தப் படம் மாமாவின் செல்போனுக்கும் வந்தது. அவிநாசி ரோட்டு மண்டபம் ஒன்றில் நடந்த கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்தவர்களுக்கு மாமா அதை ஓட்டிக் காட்டினார். "பாருங்க, எங்க மாப்பிள்ளை சயின்டிஸ்ட்டு ஆயிட்டாரு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். யார் யார் சிரித்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் மீண்டு வந்தார். துடியலூரில் ஒரு மோட்டார் சர்வீஸ் கடையில் வேலை கேட்டுப் போனவர், முதல் நாளே நோயைச் சொன்னார். கடைக்காரம்மா சொன்ன பதில் இது: "எனக்குச் சர்க்கரை இருக்குது, உங்களுக்கு இது இருக்குது. காலையில வாங்க, பொழுதோட ஊட்டுக்குப் போயிருங்க." கடைசி நாள் வரை அண்ணன் அங்கேதான் இருந்தார். நிம்மதியாக இருந்தார்.

அவர் இறந்த அன்று எங்கள் வீதி முனையில் மாமா ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தார். அதில் அண்ணன் படத்தைவிட மாமாவின் படம் பெரியது. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு, எப்படிச் செத்தார் என்று கேட்டவர்களிடம் "வேறெப்படிங்க, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று நான் எத்தனையோ முறை யோசித்தேன், எழுதியதைக் கிழிக்கவும் செய்தேன். எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். நாளை அவளுக்கு வரன் பார்க்கும்போது, உங்கள் வம்சத்தில் இந்த நோய் உண்டாமே என்று கேட்பீர்கள். ஒரு மதியம் அவள் தூங்க மாட்டேன் என்று துள்ளினாலே அவள் பேச்சில் வேகம் கூடுகிறதா என்று கவனிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆனால் அண்ணனைச் சொல்லவிடாமல் நாங்கள் பயந்து மறைக்கப் பார்த்ததில்தான் அவருக்கு அந்தக் கதி நேர்ந்தது. அவளுக்கும் வந்துவிட்டால், அவளைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டாம். அவள் தானே சொல்லிக்கொள்வாள்.

எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கண்ணாலத்துல படம் போட்டுக் காட்டுனதையும் எழுதிப்போட்டயா?"

"எழுதிப்போட்டேனுங்கம்மா. வேண்டாம்னா எடுத்தர்றேன்."

அம்மா எழுந்து அண்ணன் படத்துக்கு விளக்கேற்றினார். "இருக்கட்டும்" என்றார்.

அண்ணனுக்கு வாழ வழி விட்ட அந்த முதல் மேனேஜருக்கும், டாக்டருக்கும், துடியலூர் கடைக்காரம்மாவுக்கும், அண்ணனின் பாடையைத் தோளில் தாங்கிய ரஃபீக் பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த மலர் அச்சுக்குப் போகும் சமயம் அவர் என்னை போனில் அழைத்தார்.

"அம்மணி, நமக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கீரு. நம்ம கம்பெனி பேரோட அஞ்சலி போட்டர்லாம்."

"முழுப் பக்கமே வேணுங்களா மாமா?"

"பின்னே? நாலு பேரு பாக்கோணுமல்ல."

அவருக்காக ஒதுக்கிய இடம்தான் இது. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, மாமா. கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.