சீடித் தட்டில் வைத்த பொட்டு

பிள்ளைகளா, நம்ம பழைய கம்ப்யூட்டரில் சீடி போடும் தட்டு கெட்டுப்போனது யாரால் என்று நான் இதுவரை சரியாகச் சொல்லவில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த காலம்; அடையாள அட்டை இல்லாத தமிழரை ஆமி பிடித்துக்கொண்டு போகும். அலுவிகாரையில் வாடகை வீட்டில் இருந்தோம். விஜயதசமி காலை பத்து மணிக்கு உங்கள் மாமா போன் பண்ணினார். தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில் போய் வந்தவரை நாவுலவுக்குப் பக்கத்தில் ஆமி செக் பொயின்ட்டில் இறக்கி வைத்துவிட்டார்கள். முதல் நாள் சந்தையில் அடையாள அட்டையைத் தொலைத்திருந்தார்.

"மச்சான், அட்டையோட கொப்பியாவது கொண்டு வாங்க. இப்ப இருக்கிற ஆமிப் பெரியவர் காட்டினா விடுறேங்கிறாரு. ரெண்டு மணிக்கு அவர் போயிட்டா வேற ஆள். அப்புறம் எங்க கொண்டு போவாங்கன்னு தெரியாது."

எல்லாருடைய அட்டைகளையும் ஸ்டூடியோவில் ஸ்கேன் பண்ணி ஒரே சீடியில் வைத்திருந்தோம். மாமாவுடையது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடையில் அச்செடுக்க வேண்டியதுதான். பெரியவள் சீடியைப் போட்டாள். உள்ளே கரகரவென்று சத்தம். விளக்கு மினுக்கியது. சீடி போடச் சொல்லித் திரை கேட்டது. பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வரவில்லை.

கேட் வரைக்கும் போனேன், வந்தேன். பட்டனை அமுக்கினேன். மறுபடி கேட்டுக்குப் போனேன். நாவுல பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கோபத்தில் சின்னவளே, உன்னைத்தான் ஏசினேன். "கண்ட கேம் சீடியெல்லாம் போட்டுக் கெடுத்தது நீதான்." நீ மூலையில் போய் நின்றாய்.

"அப்பா, முன்னால ஒரு ஊசி ஓட்டை இருக்குது. கரண்டை நிப்பாட்டிட்டுக் கம்பியால குத்தணும். ஸ்கூல்ல சொன்னாங்க," என்றாள் பெரியவள். அம்மாவின் ஊசி நீளம் போதவில்லை. கொண்டை ஊசி தடிப்பு. கடைசியில் பள்ளிக்கூடக் கடிதத்தில் இருந்த கிளிப்பை நிமிர்த்தி, நேராக விட்டு, தட்டுப்பட்ட இடத்தில் அழுத்தினேன். தட்டு ஒரு விரல் அளவு வந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன்.

சீடி ஒரு பக்கம் ஒட்டி, சரிந்து கிடந்தது. அடியெல்லாம் மஞ்சளாக அப்பியிருந்தது.

"இது சந்தனம்ல?" என்றாள் அம்மா. "உள்ளுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க?"

முதல் நாள் பூசையில் புத்தகங்களுக்கும் சுத்தியலுக்கும் வைத்த மாதிரி கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். தட்டைத் திறந்து பார்த்தால் அழகாக வட்டமாக இருந்தது. அங்கேயும் மூன்று இடத்தில் தாராளமாக வைத்து மூடிவிட்டேன்.

"நான் பார்த்தேன்ப்பா," என்றாள் பெரியவள். "பூசைப் பொட்டை அழிக்கக் கூடாதுன்னு சீடியை அதுக்கு மேலயே வச்சேன்."

நின்று பேச நேரமில்லை. ஈரத்துணியால் சீடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே திறந்தது. மாமாவின் முகம் திரையில் வந்ததும் அச்செடுத்துக்கொண்டு பஸ் பிடித்தேன்.

நாவுலவில் இறங்கும்போது ஒன்றே முக்கால். பெரியவர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா, "ஏன் மச்சான் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"சின்னவ கேம் போட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்து வச்சிருக்கா."

அதைச் சொல்லும்போது என் நகத்துக்குள் சந்தனம் இருந்தது. இன்றைக்கும் மாமா உன்னைக் கண்டால், "கம்ப்யூட்டரை ஒடச்சவ வந்துட்டா" என்பார். இனிமேல் அப்படிச் சொன்னால் இந்தத் தாளை அவரிடம் காட்டு, மகள்.