மூலை சரியில்லாத படம்

தென்காசியில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் நிலத்துக்கு வடக்கே என்ன, தெற்கே என்ன என்று விசாரித்து எழுதுவதுதான் பிழைப்பு. ஓர் எல்லை தப்பினால் இரண்டு குடும்பங்கள் ஆயுசு முழுக்கக் கோர்ட்டுக்கு அலையும் என்பதால், எதையும் நான்கு மூலையும் பார்க்காமல் விடுவதில்லை. இந்தக் குணம் தொழிலுக்கு நல்லது. கேமரா வாங்குவதற்கு அவ்வளவு நல்லதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

கேமரா ஆசை ஓர் இழவு வீட்டில் தொடங்கியது. புளியங்குடியில் என் மனைவியின் அக்கா தவறிவிட்டாள். இப்போதெல்லாம் முதல் சடங்கு, கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடுவதுதான். ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஐந்தாறு ஃபோனைத் துழாவினார்கள். எலுமிச்சை மூடை லாரியில் ஏறுகிற படம் இருந்தது. பேரன் கேக் வெட்டுகிற படம் இருந்தது. அந்தக் கேக்குக்குப் பின்னால் அக்காவின் முழங்கைகூட இருந்தது. முகத்தைத்தான் காணோம். கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கித் தெரு முக்கில் கட்டினார்கள். எட்டடி உயரத்தில் அந்த அம்மாள், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவளைப் போல நின்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கடையநல்லூர் வரை என் மனைவி அழுதுகொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு இப்படி ஒரு படத்தப் போட்டீங்கன்னா நான் எந்திச்சி வந்து கிழிச்சிருவேன், பாத்துக்கிடுங்க. உசிரோட இருக்கும்போதே நல்லதா ஒண்ணு எடுத்து வையுங்க.”

அக்காவை அனுப்பிவிட்டு வந்த நாளிலேயே, கண்ணில் நீர் காயாமல், சொன்னதை நினைத்து அவளே சிரித்தும் விட்டாள். சிரித்தால் அவளுக்கு மேல்வரிசையில் இடதுபக்கம் ஒரு தெத்துப்பல் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று தாம்பூலத்தட்டை வைத்துவிட்டு அவள் யாரையோ பார்த்துச் சிரித்தபோது அதைப் பார்த்தேன். அரை நிமிடத்தில் சம்மதம் சொன்னேன். நான் வாழ்க்கையில் அரை நிமிடத்தில் எடுத்த முடிவுகள் இரண்டுதான். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பல் எந்தப் படத்திலும் இல்லை. கல்யாண ஆல்பம் எடுத்தவர் அழகுக்கலை தெரிந்தவர். “வாய மூடிச் சிரிங்கம்மா” என்று சொல்லிச் சொல்லி, முகூர்த்தத்திலிருந்து மறுவீடு வரை அவள் வாயில் வெற்றிலையை அடக்கி வைத்திருப்பவளைப் போலவே பதிவு செய்திருந்தார். ஆதாரில் சிரிக்கக் கூடாது. ரேஷன் கார்டில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆக, அந்தச் சிரிப்பை நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். பிரிண்ட் போட்டு, கூடத்தில் மாட்டி, அவளே தினமும் பார்க்க வேண்டும். பேனர் விஷயம் பிறகு.

ஃபோனில் எடுத்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். ஃபோனில் எடுப்பதெல்லாம் படமே இல்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்க அவளுக்கு விளக்கினேன். சென்சார் என்றால் என்ன, அது ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு தோசைக்கல்லை உதாரணம் காட்டினேன். அவள் எழுந்து போய் மாவை எடுத்து வெளியில் வைத்தாள்.

நடுத்தர விலையில் கேமரா தேடுகிறவனைப் போலப் பரிதாபமான பிறவி கிடையாது. காசு இல்லாதவன் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகிறான். காசு உள்ளவன் இருப்பதிலேயே பெரியதைக் கேட்கிறான். இரண்டு பேருக்கும் தூக்கம் கெடுவதில்லை. நடுவில் இருப்பவனுக்குத்தான் ஒன்றில் லென்ஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரி மோசம். ஒன்றில் பேட்டரி நன்றாக இருக்கிறது, திரை திரும்பாது. இரண்டும் சரியாக இருப்பதில் ஒயர் செருகுகிற ஏதோ ஒரு துளையே இல்லை. அந்தத் துளை எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அது இல்லாததை எப்படி மன்னிப்பது? வில்லங்கம் இருக்கிற சொத்தைத் தெரிந்தே வாங்குவதா?

வீடியோக்களில் ஒரு வெள்ளைக்காரர் கம்பளிக்கோட்டைப் போட்டுக்கொண்டு பனியில் நாயைப் படம் பிடித்துக் காட்டி, இந்தக் கேமரா தேவலை, ஆனால் முடியின் நுனி வரவில்லை என்று வருத்தப்பட்டார். நானும் சேர்ந்து வருத்தப்பட்டேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. சாரல் நேரத்தில் தென்காசித் தெருவில் கேமராவை வெளியே எடுத்தால் பூஞ்சை பிடிக்குமா என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அதற்காக இன்னும் பத்துப் பேரைப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஊரிலும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. என்னிடம் பத்திரம் எழுத வந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர், கண்ணாடி உள்ளே இருக்கிற பழைய மாதிரிதான் நிலைக்கும் என்றார். அவருடன் சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவர், அதெல்லாம் ஒழிந்துவிட்டது, கண்ணாடி இல்லாததுதான் இனிமேல் என்றார். அன்று பத்திரம் முடிய மதியமாகிவிட்டது. கிரயம் கொடுக்கிறவர் பாவம், சுவரோரமாக உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

ஒரு நாள் அவளையும் அழைத்துக்கொண்டு சன்னதித் தெருப் பக்கம் இருக்கிற கேமராக் கடைக்குப் போனேன். கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று. அதில் கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டே அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி. என்னை அவர் பார்ப்பது அது ஐந்தாவது தடவை. ஆட்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருந்த கேமராவை எடுத்து, “அக்கா, இங்கன பாத்துச் சிரிங்க” என்றார்.

அவள் கல்யாண ஆல்பத்துச் சிரிப்பைச் சிரித்தாள். அதே நேரத்தில் நான் உத்தரவாத அட்டையைப் படித்துவிட்டு, “வாங்குனவரு காலத்துக்குப் பொறவு இது வாரிசுகளக் கட்டுப்படுத்துமா?” என்று கேட்டேன். சத்தியமாக, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணோரம் சுருங்க, தெத்துப்பல் முழுசும் தெரியச் சிரித்தாள். கடைக்காரர் கிளிக் செய்துவிட்டார்.

“பாருங்க அண்ணாச்சி.”

அவள்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். “நல்லாருக்குல்லா” என்றாள். தன் படத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். அவள் முகத்தைத் தாண்டி நேராக மேல் மூலைக்குப் போனேன். அங்கே அலமாரியில் ஒரு பேட்டரி டப்பா இருந்தது. அதன் மேல் எழுத்து லேசாகக் கலங்கியிருந்தது. மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தேன். வலதுபக்கம் கீழேயும் திருப்தியில்லை.

“மூல சரியில்லியே” என்றேன்.

“மூலைய எவன் அண்ணாச்சி பாப்பான்? நடுவுல அக்கா எப்படி இருக்காங்க பாருங்க.”

“நடுவுல எல்லாக் கேமராவுலயும் நல்லாத்தான் வரும்.”

அவள் அதற்குள் வெளியே போய்ப் பூ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கேமராவை உறையில் போடுவதற்கு முன்னால் கடைக்காரர், “இத அழிச்சிரவா அண்ணாச்சி?” என்று கேட்டார். அழிச்சிருங்க என்றேன். இதைவிட நல்ல படத்தை நானே எடுக்கப் போகிறேன் அல்லவா.

அதன்பிறகு சாரல் தொடங்கியது. சீசனுக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தங்கி, குற்றாலத்தில் குளித்து, மங்குஸ்தான் தின்று, ஃபோனில் ஆயிரம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். சீசன் முடிந்தது. புது மாடல் வருகிறது என்றார்கள், காத்திருந்தேன். வந்தது. அதில் சூடாகிறது என்றார்கள். சூடு குறைந்த மாடலுக்குக் காத்திருந்தேன். அவள் முதலில் மாதம் ஒரு தடவை கேட்டாள். கடைக்குப் போய் வந்த பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். சலித்துப்போய் விட்டாள் என்று நினைத்தேன்.

பங்குனியில் அவளுக்குப் பல்வலி வந்தது. அந்தப் பல்தான். பல் டாக்டர் பார்த்துவிட்டு எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொன்னார். காப்பாற்றலாம், நாலைந்து தடவை வர வேண்டியிருக்கும். எடுத்துவிட்டால் இன்றோடு முடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஃபோன் இருந்தது. ஃபோனில் இரண்டு லென்ஸ்களை ஒப்பிட்டு ஒருவர் தீர்ப்புச் சொல்லும் கட்டம். “எடுத்துருங்க டாக்டர்” என்றேன். அரை நிமிடம் ஆகியிருக்காது. அதுதான் நான் சொன்ன இரண்டாவது முடிவு.

என்ன செய்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. கன்னம் வீங்கியிருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வீக்கம் வடிந்த பிறகும் அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரித்தாள்.

பதினான்காவது மாதம் கேமரா வாங்கினேன். கடையில் அன்று அவளைப் படம் எடுத்துக் காட்டிய அதே மாடல். கோட்டுப்போட்ட வெள்ளைக்காரர் மனம் மாறி, மூலைகளைப் பார்ப்பவர்கள் சுவரைப் படம் பிடிக்கிறவர்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடமாக நான் அந்தக் கட்சியில் இருந்தது அவருக்குத் தெரியாது. “மூல சரியாயிட்டா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சாரலில் ஒரு நாள், குற்றாலம் பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று செய்தி வந்தது. கேமராக்காரனுக்கு அதுதான் நல்ல நாள். மற்ற நாளில் குளிக்கிற கூட்டத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினால் போலீஸ்காரர் சட்டையைப் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும். அன்றைக்கு ஆள் இல்லை. கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவளை நிறுத்தினேன். பின்னால் அருவி கலங்கி விழுந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் மிருதுவாக இருந்தது. பதினான்கு மாதம் படித்ததெல்லாம் இந்த வெளிச்சத்துக்காகத்தான்.

“சிரி” என்றேன்.

வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“நல்லா வாய் விட்டுச் சிரி.”

“என்னத்தச் சிரிக்க? வாசக்கதவத் தொறந்து போட்ட வீடு மாதிரி இருக்கு.” முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். “சும்மா அருவிய எடுங்க. என் படந்தான் கடையில எடுத்தது இருக்குல்லா.”

“எது?”

“அதாங்க, வாரிசுக்குச் செல்லுமான்னு கேட்டு மானத்த வாங்குனீங்கள்லா, அன்னைக்கு. அதுல பல்லு அழகா விழுந்திருந்துச்சு. பல்லு புடுங்கும்போதுகூட அதத்தான் நெனச்சேன். போனாப் போவுது, படத்துல இருக்குன்னு.”

அவள் ஒரு வருடமாகக் கேமரா கேட்காமல் இருந்ததற்குக் காரணம் சலிப்பு இல்லை. படம் எடுத்தாயிற்று, என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று இருந்திருக்கிறாள். பத்திரம் எழுதுகிறவனிடம் ஒரு பொருள் போனால் பத்திரமாகத்தானே இருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று கேமராவைக் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு பச்சைக் கட்டம் தானாகவே போய் அவள் கண்ணைப் பிடித்தது. அழுத்தினேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரருக்கு அந்தப் படம் நினைவிருந்தது. அந்தக் கேமரா ஆறு மாதத்துக்கு முன்பே சுரண்டைக்காரர் ஒருவருக்கு விலைக்குப் போய்விட்டதாம். கார்டை அதற்கு முன்பே எத்தனையோ தடவை துடைத்து எடுத்தாயிற்றாம். மீட்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். “நீங்கதான அண்ணாச்சி அழிக்கச் சொன்னீங்க” என்றார், குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, வருத்தமாகவே.

வீட்டுக்கு வந்து ஃபோனைத் துழாவினேன். புளியங்குடியில் அன்று உட்கார்ந்து துழாவினார்களே, அதே மாதிரிதான். கேமராக்களின் படங்கள், லென்ஸ்களின் படங்கள், விலைப்பட்டியல்கள், அந்த வெள்ளைக்காரரின் நாய்கூட இருந்தது. அவள் இல்லை.

அருவியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பாறையில் தெறிக்கிற துளி, கயிற்றின் முறுக்கு, தூரத்தில் போலீஸ்காரர் தொப்பி, எல்லாம் தெளிவு. நான்கு மூலைகளும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. நடுவில் அவள் உதட்டைச் சேர்த்துக்கொண்டு நின்றாள்.

உண்மையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. போன வாரம் சாப்பாடு போடும்போது கேட்டாள்: “அந்தக் கடைப் படத்த எப்பம் பிரிண்ட் போட்டு மாட்டப் போறீங்க?”

“எந்தத் தாள்ல போடுறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன். “பளபளன்னு ஒண்ணு இருக்கு, மங்கலா ஒண்ணு இருக்கு. நடுவுல வேற ஒண்ணு வந்திருக்காம்.”

“பாருங்க, பாருங்க” என்று ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.