நான் கூப்பிட்ட பேய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். அதிலும் யாராவது கைதட்டினால் இன்னும் இரண்டு படி கீழே இறங்குகிற ரகம்.

காரைக்குடியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. புராஜெக்டுக்கு ஆளுக்கொரு யோசனையை வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசியவள் வலையபட்டிக்காரி. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் தினமும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் பெண்களைப் பற்றிச் செய்யலாம் என்றாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எதுவுமே தயார் செய்யவில்லை. அவள் ஊரில் ஒரு பூட்டிய வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்ததைப் பேருந்திலிருந்து பார்த்திருந்தேன். மிச்சம் கைச்சரக்கு. மாலை ஆறு மணிக்கு உள்ளே தானாக விளக்கு எரியும், ஒரு பெண் குரல் செத்தவர்களையெல்லாம் கூப்பிடும் என்று அளந்துவிட்டேன்.

"நீ உள்ள போய்ப் பாத்தியா?" என்றாள் அவள்.

"போயிருந்தா இங்குட்டு நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்?"

வகுப்பே சிரித்தது. என் பேய் ஜெயித்தது. யாரோ அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பிலும் விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்து, "வா, ஒன் பேயக் காட்டுறேன்" என்றாள்.

"கடிக்குமா?"

அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்த வீட்டு வாசலில் நின்றோம். கதவு ஒருக்களித்திருந்தது. ஆறு மணிக்கு உள்ளே விளக்கு எரிந்தது. பிறகு குரல். "பெரிய அப்பச்சி, வாங்க. ஆச்சி, வாங்க." சுவரில் மாட்டியிருந்த அந்த வீட்டு முன்னோர் படங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டபடி ஒரு நிழல் நகர்ந்தது. நான் இட்டுக்கட்டியது என் கண் முன்னால் நடந்தது. கடைசியில் படமே இல்லாத ஒரு தூணருகே அது நின்றது. "ஏங்க, நீங்களும் வாங்க."

"எங்கம்மா," என்றாள் அவள். "ஓடு மாத்தயில அப்பா விழுந்து உசுரு போனது அந்த எடத்துலதேன்."

என் பேச்சு வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் காதுக்கும் போயிருந்தது. இனி விளக்கு வேண்டாம், நாளைக்குச் சாவியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டார்களாம். அம்மாவுக்கு அப்பாவைக் கூப்பிட வேறு இடம் கிடையாது.

"அவுகளுக்கு இப்பவே போன் போடுறேன். பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, நாந்தேன் கதை விட்டேன்னு சொல்லிர்றேன்."

உள்ளே அந்தக் குரல் மறுபடி, "வாங்க" என்றது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"மொதல்ல ஒன் காலு நடுங்குறத நிறுத்து."