கொடும்பாவிக்கு ஒரு சட்டை

என் ஆயுளில் நான் போட்ட சட்டைகளில் ஓர் ஊரே கூடி ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் எரித்துவிட்டார்கள்.

நாடு விடுதலையாவதற்கு முந்தைய வருஷம். நான் அருப்புக்கோட்டையில் வாத்தியார். அக்காவைத் திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. சனிக்கிழமை வந்தால் கரி பஸ்ஸில் ஏறிவிடுவேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய வண்டி அது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. டிக்கெட்டும் நாங்களே வாங்கி, மேடு வந்தால் வண்டியையும் நாங்களே தள்ளுவோம்.

அக்கா வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை. அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அண்ணன் கதர். அந்த வருஷம் நடந்த தேர்தலில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. எனக்கு இருவருமே மச்சான்கள், அண்ணன் பெரிய மச்சான், அக்கா வீட்டுக்காரர் சின்ன மச்சான். ஆகவே எனக்கு உத்தியோகம் வந்தது. இருவரும் மூன்றடி தூரத்தில்தான் நிற்பார்கள். ஆனால் பேச்சு என் வழியாகத்தான் போகும்.

"மாப்ள, உங்க சின்ன மச்சான் மாடு எங்க வைக்கப் படப்புல வாய வைக்கிதுன்னு சொல்லுங்க."

"மாப்ள, மாட்டுக்குக் கட்சி தெரியாதுன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த சேதி வந்துவிடும். எனக்கும் தந்திக் கம்பத்துக்கும் இருந்த வித்தியாசம், கம்பத்துக்கு யாரும் காப்பி கொடுப்பதில்லை. எனக்கு இரண்டு வீட்டிலும் கிடைத்தது. நன்றிக்கடனாக இரண்டு கட்சிப் பத்திரிகைகளையும் வரி விடாமல் படித்து, பெரிய மச்சான் வீட்டில் அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். சின்ன மச்சான் வீட்டில் இவர் சொன்னதற்கு. இதற்கு நடுநிலைமை என்று நானே பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் பெய்த ஒரு மழையை நம்பி, வீட்டிலிருந்த பருத்தி விதை அத்தனையையும் அக்கா விதைத்திருந்தாள். முளைத்து இரண்டு இலை விட்டது. அதோடு வானம் வெளுத்துப் போயிற்று. மறுபடி விதைக்கக் கைப்பிடி விதைகூட இல்லை. இது கருகினால் அந்த வருஷம் முழுக்க அடுத்தவர் காட்டில்தான் அவள் கூலிக்குக் குனிய வேண்டும்.

கொடும்பாவி இழுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது. வைக்கோலில் ஆள் கட்டி, பானையைத் தலையாக வைத்து, வேட்டி சட்டை உடுத்தி, இந்தப் பாவியால்தான் மழை நின்றது என்று தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பெண்கள் மாரடித்து வைவார்கள். ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். எல்லா வீட்டுக் கையும் கயிற்றில் பட வேண்டும்; ஒரு வீடு விலகினாலும் அந்த ஊரில் இழுப்பதில்லை.

சின்ன மச்சானுக்கு இதிலெல்லாம் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "கயித்தத் தொடுறேன். நம்பித் தொடுறேன்னு எவனும் நெனச்சிறக் கூடாது" என்று இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் கூடுகிற மந்தைக்குப் போனோம். பொம்மை தயாராக இருந்தது. கறுப்புச் சட்டை போட்டிருந்தது.

"இது யாரு பார்த்த வேல?" என்றார் சின்ன மச்சான்.

பெரிய மச்சான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, பாவின்னா கறுப்பாத்தான் இருப்பான். அதுதான் வழக்கம்னு சொல்லுங்க."

"மாப்ள, வழக்கத்துல காலர் உண்டான்னு கேளுங்க. பைல பேனா குத்திருக்கு, அதுவும் வழக்கமான்னு கேளுங்க."

பேனா இருந்தது உண்மைதான், சின்ன மச்சான் குத்துகிற மாதிரியே. சின்ன மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுத் திரும்பிவிட்டார். அக்கா வழியை மறித்தாள். காட்டிலிருந்து பிடுங்கி வந்த பருத்திச் செடி ஒன்று அவள் கையில் சுருண்டு கிடந்தது.

"இந்தாங்க, சட்டைதான இடிக்கிது? வேற மாத்தச் சொல்றேன். நில்லுங்க."

மாற்ற ஆரம்பித்த பிறகுதான் எங்கள் நிலைமை புரிந்தது. வெள்ளை என்றதும் பெரிய மச்சானின் ஆட்கள் எழுந்து நின்றார்கள். மஞ்சள் என்றால், தேர்தலில் ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி வைத்திருந்தார்களே, அதில் கதர்க்காரர்கள் பெட்டி மஞ்சள். சிவப்பு என்றதும் விருதுநகரில் மில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஒருவர், "தொழிலாளிதான் பாவியா?" என்று கேட்டார். காவிக்குப் பூசாரி முறைத்தார். பச்சை என்று வாயெடுத்தவரை, "மழை கேக்கப் போறப்பப் பச்சையவா கொளுத்துவாக?" என்று பெண்களே அடக்கிவிட்டார்கள். யாரும் மூக்கை நுழைக்காத நிறம் ஒன்றுகூட மிச்சமில்லாத அளவுக்குத் தேசம் முன்னேறியிருந்தது.

"சட்டையே வேணாம், வெறும் மேலா விட்ருங்கன்னு சொல்லுங்க மாப்ள" என்றார் பெரிய மச்சான்.

ஓரமாகக் குந்தியிருந்த கூலிக்காரர்களிலிருந்து ஒருவர் எழுந்தார். இடுப்பில் துண்டு; மேலே ஒன்றும் இல்லை.

"வெறும் மேலுன்னா அது நாங்கதான சாமி? வரி கட்டல, படிக்கலன்னு எங்களுக்கு ஓட்டுக் குடுக்கல. சரின்னு இருந்துக்கிட்டோம். பாவிப் பட்டத்த மட்டும் எங்களுக்குக் குடுக்கீகளே! சட்டக்காரவுக சண்டைய உங்களுக்குள்ள வச்சுக்கிருங்க."

"அது நியாயந்தான்" என்றார் பெரிய மச்சான். அதே நேரத்தில் அதையே சின்ன மச்சானும் சொன்னார். ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்ட திகைப்பில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அந்தத் தீபாவளிக்குத் தைத்த சட்டையில் நின்றிருந்தேன். வெள்ளைத் துணியில் நீலக் கோடு.

"கோட்டுக்கு எந்தக் கட்சி?" என்றார் சின்ன மச்சான்.

"ஒரு கட்சியும் கெடையாதுலே" என்றார் பெரிய மச்சான். "வெள்ளையும் கெடக்கு, நீலமும் கெடக்கு. எதுவும் முழுசா இல்ல. மாப்ள பேச்சு மாதிரியே."

"உங்க வீட்லயும் ஆமாம்பாராண்ணே?"

"ஆமாம்பாரா? ஒன் கட்சியப் பத்திச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"எங்க வீட்ல உங்க கதரப் பத்திச் சிரிப்பாரு. நான் என்னமோ நம்ம பக்கம் வந்துட்டாருன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாம்லே நெனச்சேன்!"

தேர்தலுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேராகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் உத்தியோகம் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. நடுநிலைமையின் அவசியத்தைப் பற்றி ஓர் ஐந்து நிமிஷம் பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

"கழத்துலே" என்றாள் அக்கா.

கழற்றினேன். பொம்மைக்கு அது என்னைவிட நன்றாகப் பொருந்தியது. எல்லா வீட்டுக் கையும் கயிற்றில் பட்டது, சட்டையில்லாத கைகளும்தான். பனியனோடு நானும் ஒரு கை கொடுத்தேன். அக்கா முன்னால் நின்று மாரடித்து, பாட்டைக் கட்டிக்கொண்டே போனாள்.

"ரெண்டு வீட்டுக் காப்பி குடிச்ச பாவி, ரெண்டு பக்கமும் மண்டைய ஆட்டுன பாவி, ஒன்னாலதான மழை நின்னுச்சு பாவி!"

மற்றப் பெண்கள் வாங்கிப் பாடினார்கள். நிஜமான பாவிகளுக்குக்கூட இவ்வளவு பொருத்தமாகப் பாட்டு அமைந்ததாக நான் கேட்டதில்லை. சின்ன மச்சான் கயிற்றின் வால் பக்கம் நடந்தார். மூடநம்பிக்கையை நேரில் கண்டிக்க வந்திருப்பதாக வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கினார்.

அன்றைக்கே இடி இடித்துக் கொட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். கொட்டவில்லை. கார்த்திகை பிறந்து, ஒரு மத்தியானம் மழை வந்தது. பருத்தியில் பாதி பிழைத்தது. அக்கா அந்தப் பாதியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மழைக்கு அடுத்த சனிக்கிழமை நான் போனபோது மச்சான்கள் இருவரும் காட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கொடும்பாவி இழுத்ததால்தான் மழை என்றார் பெரியவர். கார்த்திகையில் மழை வராமல் வெயிலா வரும் என்றார் சின்னவர். நான் பதறிப்போய், "அக்கா, திரும்பவும் சண்டையா?" என்றேன்.

"சண்டையில்லலே, பேச்சு. பேசட்டும். வாயி அது பாட்டுக்கு ஓடட்டும், கையி சும்மா இருக்கக் கூடாது." களை கொத்த ஆளுக்கொரு களைக்கொட்டைக் கொடுத்துப் பருத்தி வரிசையில் உட்கார வைத்தாள். எனக்கும் ஒன்று வந்தது.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. எதுனால பேஞ்சுச்சு?" என்றார் பெரிய மச்சான்.

பழக்கதோஷத்தில் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டேன். "கார்த்திகைன்னா மழை பெய்யும் மச்சான். இழுக்காட்டியும் பேஞ்சிருக்கும்."

"அப்படிப் போடுங்க மாப்ள!" என்றார் சின்னவர்.

"அப்பச் சட்டைய எதுக்குக் கழத்துனீக?" என்று பிடித்துக்கொண்டார் பெரியவர். வரிசை முடிகிற வரை விடவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு காலமும் அவர் என்னோடு ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வேகமாகக் களையைக் கொத்திப் பிடுங்கிப் போட்டேன்.

அக்கா பின்னாலேயே வந்து, நான் பிடுங்கிப் போட்டதைக் குனிந்து எடுத்துப் பார்த்தாள். பாதி கோரைக் களை; மீதி பருத்திச் செடி.

"ஏலே, நீ ஒரு கட்சியில சேந்தது போதும். காட்டவிட்டுக் கரையேறு மொதல்ல."